நாலாவது மாடியில் விளம்பரம் வராது

நாலாவது மாடியில் கத்தினார்கள்.

மூன்றாவது மாடியில் அப்போது எண்ணெய் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பெண் கூந்தலை இடமும் வலமும் வீசிக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின நொடியில்தான் கபடிக் களத்தில் செவ்வந்தி எதிரணியில் மூலையில் நின்ற இருவரை நோக்கிக் காலை நீட்டினாள். தொட்டாளா, இல்லையா? தஸ்தகீர் பாய் பல்லைக் கடித்துக்கொண்டு கூந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூரைக்கு மேலிருந்து அந்தக் கூச்சல் வந்தது.

"அவுட்டூ! ரெண்டு பேரு அவுட்டூ!"

"போச்சு," என்றார் தஸ்தகீர். "தொட்டுட்டா. இனிமே இத்த இன்னாத்துக்குப் பாக்குறது?"

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறினார். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு எச் பிளாக்கின் லிப்டைப் பராமரிப்பவர் அவர்தான். அதனாலேயே லிப்டில் ஏற மாட்டார்.

இந்தச் சண்டை புதிதல்ல. சில மாதங்களாகவே, ஒரே மேட்ச் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் செவ்வந்தி ரெய்டு போய்க்கொண்டிருப்பாள். அடுத்த வீட்டில் பாயிண்ட்டோடு திரும்பியிருப்பாள். அதற்கடுத்த வீட்டில் இன்னும் பற்பசை விளம்பரம். இதே மூன்றாவது மாடியில் வளர்ந்த பெண், இன்று வடசென்னைச் சுறாக்கள் அணியின் முதல் ரெய்டர். அவளுக்காக ஒன்றாகச் சேர்ந்து கத்தக்கூட ஒரு கட்டடத்தால் முடியவில்லை.

நாலாவது மாடியில் 'பி' வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அது எப்போதும் அப்படித்தான். அம்மாக்கள் ஷிப்டுக்குப் போன அந்த மாடிப் பிள்ளைகள் எல்லாம் தரையில் குவிந்திருந்தார்கள். நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் கோதண்டபாணி. மாநகரப் பேருந்தின் கடைசி மனித ஓட்டுநர்களில் ஒருவர். பஸ்கள் தாமே ஓடக் கற்றுக்கொண்ட பிறகு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்.

"டிரைவரே, உங்க டிவில எண்ணெ விளம்பரம் அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

கோதண்டபாணி திரும்பிப் பார்த்தார். "விளம்பரமா? அது இன்னும் போடுறாங்களா?"

தஸ்தகீர் வாசலுக்கு ஓடினார். பிறகு மாடிப்படிக் கைப்பிடியில் குனிந்து, மூன்றாவது மாடிக்குக் குரல் கொடுத்தார்.

"மெர்லினு! ஏ மெர்லினு! உங்க கம்பெனி லட்சணத்த வந்து பாரு!"

மெர்லினுக்கு வேங்கை டிவியில் வேலை, விளம்பர நேரப் பிரிவில். அதனாலேயே பிளாக்கில் யாருக்கு எந்த விளம்பரம் வந்தாலும் திட்டு அவளுக்குத்தான். ஈரத் தலையோடு வந்தாள். கோதண்டபாணியின் மணிக்கட்டில் இருந்த பட்டையைப் பார்த்தாள். திரையில் எதிரணிப் பெண் ரெய்டுக்கு வந்து, மூன்று பேரைத் தொட்டுவிட்டு ஓடினாள். பிள்ளைகள் அலறினார்கள். பட்டையில் இருந்த எண் அசையவில்லை.

"அங்கிள், உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கென்ன கண்ணு? காலைல அஞ்சு இட்லி சாப்ட்டேன்."

"அப்ப இதான் விஷயம் பாய்." மெர்லின் தரையிலேயே உட்கார்ந்தாள். "டிவி இணைப்ப ஓசில குடுக்குறோம். கூட ஒரு பட்டை. ஒரு டிவிக்கு ஒண்ணு. அத யாராவது கையில கட்டினாத்தான் மேட்ச் ஓடும். அது உங்க நாடியப் பாத்துக்கிட்டே இருக்கும். நாடி எகிறுற நொடியில படத்த நிறுத்தி விளம்பரத்த விடும். அதுக்குப் பேரு 'துடிப்பு'."

"ஏன் அந்த நேரத்துல? சாவடிக்கவா?"

"அந்த நேரத்துலதான் யாரும் எழுந்து ஒண்ணுக்குப் போக மாட்டாங்க. கண்ணு சிமிட்டாமப் பாப்பாங்க. ரொம்பப் பதறுறவங்களுக்கு ரொம்ப விளம்பரம். அதனால ரொம்ப லேட்டு. அங்கிள் பதறவே இல்ல. அதனால அவருக்கு நிஜமாவே நேரலை."

"எனக்கு ஒரு ரெய்டுக்கு ரெண்டு வருதே!"

"நீங்க டாஸ் போடும்போதே நெஞ்சப் புடிச்சுக்கிறீங்க பாய்."

கோதண்டபாணி கொஞ்சம் வெட்கப்பட்டார். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்மா. பின்னால அறுபது உசுரு உக்காந்திருக்கும்போது டிரைவர் பதறக் கூடாது. பழகிருச்சு."

"எந்தப் புண்ணியவான் கண்டுபுடிச்சான் இத?" என்றார் தஸ்தகீர்.

மெர்லின் மின்விசிறியைப் பார்த்தாள். "எங்க டீம்தான்."

"நல்லாருப்பீங்க," என்றார், வேறு எதையோ சொல்லும் தொனியில்.

"திட்டாதீங்க பாய். இது இல்லன்னா பொம்பளப் புள்ளைங்க கபடியே டிவில கிடையாது. கிரிக்கெட்ட பாருங்க. ஒவ்வொரு ஓவருக்கும் நடுவுல ஒரு சோப்பு விக்கலாம், ஒரு விக்கெட் விழுந்தா ஒரு காரே விக்கலாம். அதான் விளம்பரக்காரங்களுக்கு அது செல்லப்புள்ள. காசு அங்க போச்சு, காசு போன இடத்துக்குக் கேமரா போச்சு, கேமரா போன இடத்துக்கு ஜனங்க போனாங்க. கபடில ஒரு மூச்சு முடிஞ்சா அடுத்த மூச்சு. நடுவுல என்னத்த விக்கிறது? 'துடிப்பு' வந்த பிறகுதான், விளையாட்ட நிறுத்தாமலே நடுவுல விளம்பரம் போட முடிஞ்சுது. செவ்வந்தி சம்பளம் வாங்குறதே அதுலதான்."

தஸ்தகீருக்கு இதில் பாதிதான் காதில் விழுந்தது. அவர் ஏற்கெனவே அந்த அறையை அளந்துகொண்டிருந்தார்.

"டிரைவரே, இங்க எத்தினி பேரு உக்காரலாம்?"

*

அடுத்த மேட்ச்சுக்கு எச் பிளாக் முழுவதும் நாலாவது மாடியில் இருந்தது. கூடத்தில் இடம் பிடித்தவர்கள் போக மிச்சம் சமையலறையில், அதற்கும் மிச்சம் வராந்தாவில். மற்ற வீடுகளில் டிவிகள் இருட்டாகக் கிடந்தன, பட்டைகள் அலமாரியில் தூங்கின. கோதண்டபாணியின் ஒரே கையில் மொத்தக் கட்டடமும் மேட்ச் பார்த்தது. ஒரு விளம்பரம்கூட இல்லை. எல்லோரும் ஒரே நொடியில் கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்குத் தெருமுனையில் நாய்கள் எழுந்து ஓடின.

அதன்பின் கோதண்டபாணியின் நிதானம் பொதுச்சொத்து ஆகிவிட்டது. மேட்ச் நாட்களில் அவருக்குக் காப்பி தடை. காரக்குழம்பு தடை. துபாயிலிருந்து அவருடைய மருமகன் பேசினால், "சார் குளிக்கிறாரு" என்று சொல்ல ஓர் ஆள். ஒருமுறை யாரோ பின்னாலிருந்து தும்மியபோது கூட்டமே திரும்பி முறைத்தது. பட்டையில் எண் அசையவில்லை.

"மனுசனா இவரு," என்றாள் கமலவேணி, பெருமையாக. செவ்வந்தியின் அம்மா அவள். துணி ஏற்றுமதிக் கம்பெனியில் காலர் தைப்பவள். மகளுடைய மேட்ச்சை இதுவரை ஒன்றுகூட முழுசாகப் பார்த்ததில்லை. நாடி கிடுகிடுவென்று ஏறி, அவள் வீட்டில் ஒரு மேட்ச் முடிய விடிந்துவிடும். இப்போது கோதண்டபாணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மகள் ரெய்டு போவதை இடைவெளியே இல்லாமல் பார்த்தாள்.

செய்தி பரவியது. பக்கத்து ஜி பிளாக்கில் ஒரு யோகா வாத்தியாரைப் பிடித்தார்கள். காசிமேட்டில் தூங்குகிற கைக்குழந்தையின் காலில் பட்டையைக் கட்டினார்கள். புளியந்தோப்பில் ஓர் ஆட்டுக்குக் கட்டிப் பார்த்ததாகக் கேள்வி. யாரோ அகத்திக்கீரையோடு உள்ளே வந்தபோது மட்டும் தொடர்ந்து மூன்று விளம்பரம் வந்ததாம்.

மெர்லின் சிரித்தாள். அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும்வரை சிரித்தாள்.

*

"வடசென்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார் மேகநாதன். வேங்கை டிவியின் விளம்பரப் பிரிவுத் தலைவர். சுவர் முழுக்கத் தமிழ்நாட்டு வரைபடம். துடிப்பு ஏறும் இடங்களில் சிவப்பு. வட சென்னை சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது.

"போன மாசம் அடுப்பு மாதிரி எரிஞ்ச இடம்மா இது. இப்பப் பாரு. டிவி பாதிக்கு மேல ஓடவே இல்ல. ஓடுறதுலயும் நாடி எகிறல. கபடியைக் கண்டுபிடிச்ச மாதிரி பேசுற ஏரியாவே தூங்குது. குக்கர் கம்பெனிக்காரர் கேக்குறார், 'யாருக்காக நான் காசு குடுக்குறேன்?'னு."

மெர்லின் வரைபடத்தைப் பார்த்தபடி கேட்டாள். "அதனால சார்?"

"ஞாயித்துக்கிழமை பைனல். அதுலயும் இப்படியே இருந்தா லீக்கை இழுத்து மூடிட வேண்டியதுதான். அந்த நேரத்துக்குப் பழைய கிரிக்கெட் மேட்ச் போடப் போறோம். முடிவு தெரிஞ்ச மேட்ச்சுக்கே ஜனங்க இதைவிடத் துடிக்கிறாங்க." சற்று நிறுத்தி, கண்ணைச் சுருக்கினார். "பட்டையில ஏதாவது தில்லுமுல்லு பண்றாங்களா? சொல்லு. எல்லா டிவிலயும் ஒரு கேமரா வெச்சுடலாம். வீட்டுக்குள்ள யார் யார் உக்காந்திருக்காங்கன்னு தெரிஞ்சுடும்."

 மெர்லின் அந்தக் கேமரா கமலவேணியின் கூடத்தைப் பார்ப்பதை நினைத்துப் பார்த்தாள். தஸ்தகீரின் மடித்துக் கட்டிய லுங்கியையும்.

"பரீட்சை சீசன் சார்," என்றாள். "ஞாயித்துக்கிழமை பாருங்க. சரியாயிடும்."

*

அன்று மாலையே 'பி' வீட்டுக் கூடத்தில் நின்று அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"இரு, இரு," என்றார் தஸ்தகீர். "நாம விளம்பரம் பாக்காததால, நம்ம புள்ள விளையாட்டு நின்னுடுமா?"

"ஆமா பாய். இத்தன வீடு இருந்தும் கணக்குல ஒரே ஒரு ஆளுதான் கபடி பாக்குறாரு. அவருக்கும் அது புடிக்கல."

"யாரு சொன்னா புடிக்கலன்னு?" என்றார் கோதண்டபாணி.

"உங்க நாடி சொல்லுது அங்கிள்."

கமலவேணி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "லீக்கு நின்னா அவள வேலைய விட்டு அனுப்பிடுவாங்களா?"

"அவள மட்டும் இல்லக்கா. எல்லாப் புள்ளைங்களையும்."

"நான்கூட விளம்பரம் வேணாம்னுதானே இங்க வந்து உக்காந்தேன்," என்றாள் கமலவேணி. "அவ விளையாட்ட நிம்மதியாப் பாக்கணும்னு நெனச்சேன். நிம்மதியாப் பாத்தே கெடுத்துட்டேன் போல."

"அழாதக்கா," என்றார் தஸ்தகீர். "ஞாயித்துக்கிழம அவனவன் வூட்ல அவனவன் பட்டையக் கட்டிக்கிறோம். எண்ணெயோ குக்கரோ, வர்றது வரட்டும். நெஞ்சு வெடிச்சாலும் பரவால்ல. காசிமேட்டுக்கும் புளியந்தோப்புக்கும் நான் சொல்லிடுறேன். ஆட்ட அவுத்து வுடச் சொல்றேன்."

"ஒரு விஷயம் பாய். கத்தக் கூடாது."

"இன்னாது?"

"முன்னாடி பாத்த வீட்டுக்காரங்க கத்தினா, பின்னாடி பாக்குறவங்களுக்கு முடிவு தெரிஞ்சுடும். தெரிஞ்சா நாடி ஏறாது. ஏறலன்னா கணக்குல வராது. கடைசி வீடு பாத்து முடிக்கிற வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது. போனும் பேசக் கூடாது."

"கபடி பைனல. வாய மூடிக்கிட்டு." தஸ்தகீர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுக்கு நான் ஆடாவே பொறந்திருக்கலாம்."

பிள்ளைகளுக்கும் உத்தரவு போனது: அவரவர் வீட்டில், அவரவர் பட்டையோடு. அவர்கள் முணுமுணுத்தபடி கலைந்தார்கள்.

"அப்ப நான்?" என்று கேட்டார் கோதண்டபாணி.

தஸ்தகீர் அவர் தோளில் தட்டினார். "நீங்க சும்மாப் பாருங்க டிரைவரே. உங்களால ஒண்ணும் ஆவாது."

கோதண்டபாணி சிரித்தார். ஆனால் எல்லோரும் போன பிறகும், கூடத்தில் காலியாகிவிட்ட தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை மாலை எச் பிளாக்கில் ஒரு சத்தம் இல்லை. வெளியாள் யாராவது வந்திருந்தால் துக்கவீடு என்று நினைத்திருப்பார்.

மெர்லின் மேட்ச் பார்க்கவில்லை. அம்மாவிடம் பட்டையைக் கொடுத்துவிட்டு, மூன்றாவது மாடி வராந்தாவில் அலுவலகத் திரைப்பலகையோடு நின்றாள். அதில் பிளாக்கின் ஒவ்வொரு வீடும் ஒரு கட்டம். மேட்ச் ஓடினால் பச்சை. விளம்பரம் என்றால் சிவப்பு. பார்த்து முடித்துவிட்டால் வெள்ளை. கட்டங்கள் சீரியல் விளக்கு மாதிரி மின்னிக்கொண்டிருந்தன.

பாதி ஆட்டம்வரை எதிரணியான கோவை அணி கையோங்கியிருந்தது என்பது மட்டும், விளம்பரத்தின் போது வெளியே வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டவர்களைப் பார்த்துத் தெரிந்தது. பிறகு முட்டுவது குறைந்தது. நகம் கடிப்பது கூடியது. கமலவேணி இரண்டு முறை வந்து குடிநீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எவ்ளோ?"

"ஒரு பாயிண்ட் பின்னால. கடைசி ரெய்டு. இவதான் போறா. கோட்டத் தாண்டினா, உடனே குக்கர் வந்துடுச்சு." அவள் குழாயை இறுக்கிப் பிடித்தாள். "அந்தக் குக்கர்ல என் கொழம்ப ஒரு நாளும் வெக்க மாட்டேன் மெர்லினு."

உள்ளே ஓடினாள்.

முதல் வெள்ளைக் கட்டம் இரண்டாவது மாடியில் விழுந்தது. கதவு திறந்து ஒருவர் வெளியே வந்தார். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தார். அடுத்தது தஸ்தகீர். வாயில் ஒரு துண்டு முழுசாகத் திணிக்கப்பட்டிருந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"பாய்! ஜெயிச்சுதா? தோத்துதா?"

தஸ்தகீர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். பிறகு இடமும் வலமும் ஆட்டினார். துண்டைச் சுட்டிக் காட்டினார். தரையில் உட்கார்ந்து தன் தொடையைத் தானே அடித்துக்கொண்டார்.

வெள்ளை, வெள்ளை, வெள்ளை. வராந்தாக்கள் நிரம்பின. மாடிக்கு மாடி மனிதர்கள் தலையணையைக் கடித்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் முகம் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள். அழுகையா சிரிப்பா என்று மெர்லினுக்குப் புரியவில்லை. கமலவேணி கடைசியாக வந்தாள். முகத்தை முந்தானையால் முழுதும் மூடியிருந்தாள். அவளைப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

மெர்லின் திரைப்பலகையைப் பார்த்தாள். எல்லாம் வெள்ளை. கத்தலாம் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள்.

ஒரு கட்டம் சிவப்பாக இருந்தது.

நாலாவது மாடி, 'பி'.

அவள் அதை விரலால் துடைத்துப் பார்த்தாள். பலகை கெட்டுவிட்டதோ? பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தாள். அன்று வட சென்னையிலேயே, ஏன், வரைபடம் முழுவதிலுமே அதைவிடப் பெரிய எண் இல்லை.

மேலே ஒரு கதவு படாரென்று திறந்தது. கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஒரு தலை எட்டிப் பார்த்தது. கோதண்டபாணி. வேர்த்து விறுவிறுத்து, பனியன் நனைந்து, தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது.

"எம்மா மெர்லின்! எனக்கு விளம்பரம் வருதும்மா! குக்கர் வருது, எண்ணெ வருது, மறுபடி குக்கர் வருது! பொண்ணு ஒருத்திய தொட்டுட்டா, இன்னொருத்தியும் அவுட்டு. ஆனா கணுக்காலப் புடிச்சுட்டாளுங்க! கீழ விழுந்து கைய நீட்டுறா. கோட்டுக்கும் விரலுக்கும் நடுவுல இத்தினூண்டு! அங்கயே நிக்குது! என்னாச்சும்மா? யாராவது சொல்லுங்களேன்! யோவ் பாய்!"

கட்டடம் முழுக்க முடிவு தெரிந்தவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரால் எத்தனையோ மேட்ச்சை இடைவெளி இல்லாமல் பார்த்தவர்கள் அவர்கள். தஸ்தகீர் துண்டை இன்னும் ஆழமாகத் திணித்துக்கொண்டு, உள்ளே போங்கள் என்று இரண்டு கையாலும் சைகை காட்டினார்.

"பாவிங்களா!" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே ஓடினார்.

எச் பிளாக் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ரெய்டு போகிறவளைப் போல.

சிவப்பு. சிவப்பு. பச்சை.

நாலாவது மாடியிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. முப்பது வருடமாக உள்ளேயே இருந்த சத்தம். மவுண்ட் ரோடு நெரிசலில் ஒருநாளும் அடிக்காத ஹாரன் எல்லாம் சேர்ந்து ஒரே ஹாரனாக அடித்த மாதிரி.

"கோட்டத் தொட்டுட்டாடா... எங்க பொண்ணு தொட்டுட்டாடா!"

துண்டு பறந்தது. தலையணைகள் பறந்தன. கட்டடம் மொத்தமும் ஒரே நொடியில் வெடித்தது. ஜி பிளாக்கில் யோகா வாத்தியார் விசில் அடித்தார். கமலவேணி முந்தானையை விலக்கியபோது, மெர்லின் அவளைக் கட்டிக்கொண்டு, கடைசி ஆளாக, அழுதாள்.

சத்தம் கொஞ்சம் அடங்கியபோது போன் வந்தது. மேகநாதன்.

"வரைபடம் பத்தி எரியுதும்மா! குக்கர்காரர் அடுத்த வருஷத்துக்கும் கையெழுத்துப் போட்டுட்டார். அது சரி, வியாசர்பாடில நாலாவது மாடில யாரு அது? அந்த மாதிரி ஒரு நாடிய நான் பாத்ததே இல்ல."

"ரிட்டயர்டு டிரைவர் சார்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மேலே போனாள். பிளாஸ்டிக் நாற்காலியில் கோதண்டபாணி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் அவர் மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பட்டையில் எண் மெல்ல இறங்கி, பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"என்ன அங்கிள் ஆச்சு உங்களுக்கு? இத்தன நாளு அசையலையே?"

"எனக்கே தெரியலம்மா." அவர் மேட்ச்சின்போது காலியாகக் கிடந்த தரையைக் கையால் காட்டினார். "எப்பவும் ஆளுங்க இருப்பீங்க. உங்களையெல்லாம் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேக்குற மாதிரியேதான் நான் மேட்ச் பாப்பேன். இன்னிக்குப் பின்னால யாரும் இல்ல."

சற்று யோசித்தார். பிறகு, பிள்ளைகள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அடுத்த வருஷமும் நான் தனியாவே பாக்கட்டுமாம்மா? விளம்பரம் வந்தா வந்துட்டுப் போவுது."

மெர்லின் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் கையைப் பார்த்தாள். மேட்ச் முடிந்து வெகுநேரமாகியும் அவர் அந்தப் பட்டையைக் கழற்றவில்லை.